ஆவணியில் வந்த தண்ணீர்

அத்தியாயம் 3

திருகோணமலையில் ஆவணி மாதம் மழை பெய்யாது. கிணறுகள் அடி தெரியக் கிடக்கும். ஊருக்குள் திரியும் மான்கள் தண்ணீர் தேடிக் கடற்கரை வீதிக் கடைகளுக்குள் தலையை நீட்டும். அப்படிப்பட்ட மாதத்தில், உவர்மலையில் ஒரு வீட்டின் நிலவறைக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்து நின்றது. அதில் வழுக்கி விழுந்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அந்த நிலவறையைப் பூசிக் கொடுத்த என் மாமா ஸெய்னுதீன் பொலிஸ் கூட்டுக்குள் கிடக்கிறார். நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவரை நீதவான் முன் நிறுத்தப் போகிறார்கள்.

நான் றுவைஸ். கிண்ணியாக்காரன். முன்பு ஹாட்வெயார் கடையில் குழாய் விற்றவன். இப்போது துஷாந்தியக்காவின் உதவியாளன், ஓட்டோச் சாரதி, தேநீர் வாங்கி வருகிறவன், எல்லாம். அக்கா இருபது வருடம் காப்புறுதிக் கம்பனியில் பொய் பிடித்தவர். மூழ்காத படகு மூழ்கிவிட்டது என்று வந்தவர்களை ஒரே கேள்வியில் அழ வைத்து அனுப்பியவர். இப்போது மத்திய வீதியில் ஒரு தையல் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறிகிறார். ஐம்பது வயது, சிரிப்பது அபூர்வம். எனக்கு நாற்பது வயது, சிரிக்காமல் இருப்பது அபூர்வம். ஆனால் அன்று காலை உவர்மலை ஏற்றத்தில் ஓட்டோவை ஏற்றும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உம்மாவுக்கு இருப்பது ஒரே தம்பி. அவர் அறுபது வயதில் கூட்டுக்குள் தரையில் படுத்திருக்கிறார் என்று நினைக்க நெஞ்சு எரிந்தது.

"மாமா பூசின சுவரால தண்ணி வராது அக்கா. கிண்ணியாவில அவர் கட்டின மலசலகூடக் குழி சுனாமிக்கே அசையேல்ல."

"அதைக் கோட்டில சொல்லாதேயும்," என்றார் அக்கா.

வீட்டுக்காரர் கனகசபை, வயது எழுபத்தைந்து. துறைமுகத்தில் இழுவைப் படகுக்கு முப்பது வருடம் எஞ்சின்காரராக இருந்தவர். வியாழக்கிழமை காலை வழக்கம்போல ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். வழக்கமாக இரண்டு மணிக்குத்தான் திரும்புவார். அன்று டொக்டர்மார் பணிப்புறக்கணிப்பு, கிளினிக் இல்லை. பத்து மணிக்கே வீடு வந்து, நேரே நிலவறைப் படியில் இறங்கி, இருட்டில் தண்ணீர் நிற்பது தெரியாமல் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. பதினொரு மணிக்கு மகள் வந்து கண்டெடுத்தாள்.

கதவைத் திறந்தது அந்த மகள்தான். சிவரூபி ரீச்சர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் கட்டவில்லை. மூன்று நாள் தூங்காத கண்கள்.

"முறைப்பாடு தம்பி கஜீபன்ர வேலை," என்றார், நாங்கள் கேட்கும் முன்பே. "கனடாவிலிருந்து அவன் போனில கத்தக் கத்த நான் கையெழுத்துப் போட்டனான். நீங்கள் பாக்கிறதெண்டாப் பாருங்கோ."

நிலவறைக்கு ஒன்பது படிகள். ரீச்சர் மேற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இது முதல்ல பங்கர்," என்றார். "சண்டை நேரம் அப்பா தன்ர கையால வெட்டினவர். அந்த வருசம் மார்கழி மழை. ஷெல் விழத் தொடங்க எல்லாரும் இதுக்குள்ள ஓடி வந்தம். இடுப்பளவு தண்ணி நிண்டது. எனக்கு ஒம்பது வயசு, தம்பிக்கு அஞ்சு. இறங்க ஏலேல்ல. திரும்பி வீட்டுக்குள்ள ஓடினம். குசினி வாசலில ஷெல் பட்டு அம்மா விழுந்திட்டா."

பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னார். அந்தக் கதையைப் பலமுறை சொல்லி அது காய்ந்துபோயிருந்தது.

"அண்டையிலிருந்து அப்பாவுக்கு இந்தக் குழி காய வேணும். சண்டை முடிஞ்சும் மூடேல்ல. அறையாக் கட்டினார். சுண்ணாம்பு அடிச்சார், கரி மூட்டை அடுக்கினார், வாளியால இறைச்சார். கப்பலின்ர அடியில தண்ணி நிண்டா எஞ்சின்காரனுக்குத்தான் வெக்கம் எண்டுவார். போன சித்திரையிலதான் உங்கட மாமா வந்து திருத்திக் குடுத்தவர்."

மாமாவின் வேலை எனக்குத் தெரியும். நானும் கல் சுமந்தவன். மாமா உள்ளே பூசுவதற்கு முன்பு வெளியே போவார். மலைப் பக்கச் சுவரை ஒட்டி ஆழமாகக் கிடங்கு வெட்டி, ஓட்டைக் குழாய் புதைத்து, கல் நிரப்பி, ஊறி வரும் தண்ணீரை ஒழுங்கையோர வடிகாலான கானுக்குத் திருப்பிவிட்டார். "தண்ணியோட மல்லுக்கட்டக் கூடாது மகன், அதுக்கொரு பாதை வெட்டிக் குடுத்து அனுப்பிடணும்" என்பார். அதன் பிறகுதான் உள்ளே பூச்சு. அதற்கும் மேலாக, மூலையில் ஒரு சிறு குழி, அதில் தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடும் ஒரு பம்ப்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். நான் டோர்ச்சோடு பின்னால் இறங்கினேன். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, மேசை, தண்ணீரில் ஊறிய கரி மூட்டைகள். மலைப் பக்கச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு காற்றுத் துவாரம். அவ்வளவுதான்.

"மூண்டு நாளில தண்ணி எவ்வளவு குறைஞ்சிருக்கு?" அக்கா சுவரைத் தடவினார்.

நான் டோர்ச் அடித்தேன். தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடை ஈரக்கோடுகூட இல்லை. "குறையவே இல்ல அக்கா."

"அப்ப இந்தச் சுவர் ஓட்டையா?"

உள்ளே வர வழி தெரிந்த தண்ணீருக்கு வெளியே போக வழி தெரியாதா? மழையில்லாத மாதத்தில், வெளியே மண் காய்ந்து கிடக்கும்போது, ஓட்டைச் சுவர் என்றால் தண்ணீர் மூன்று நாளில் ஊறிப் போயிருக்க வேண்டும். இந்த அறை ஒரு தொட்டியைப்போல் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. மாமாவின் பூச்சுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. மேற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போன பொலிஸ்காரருக்கு இது தெரிய நியாயமில்லை.

"பம்ப் ஏன் ஓடேல்ல?" என்றேன்.

அக்கா சுவரைக் காட்டினார். பம்பின் ப்ளக் கழற்றப்பட்டு, வயர் அழகாகச் சுருட்டி, தலை உயரத்தில் ஒரு ஆணியில் மாட்டியிருந்தது. பக்கத்தில் சுவிட்ச் நிறுத்தியிருந்தது.

அடுத்து கட்டிலருகே சுவரைப் பார்த்தார். கட்டிலில் படுத்தபடி பார்ப்பதற்காகத் தாழ்வாக அடித்த ஒரு ஆணி. அதன் கீழே சுண்ணாம்பில் வெளிறிய ஒரு சதுரம். ஏதோ படம் மாட்டியிருந்த இடம். படம் அங்கே இல்லை. அலுமாரிக்கு மேலே, கூரையை முட்டும் உயரத்தில், சுருட்டிய பாய், தலையணை, ரேடியோ எல்லாவற்றுக்கும் நடுவில் சாய்ந்திருந்தது. ஒரு பெண்ணின் படம். பொட்டு நனையவில்லை.

"வெள்ளம் வருமெண்டு பாய்க்கும் ரேடியோவுக்கும் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு," என்றேன். "வானிலை நிலையத்தில வேலை போட்டுக் குடுக்கலாம்."

அக்கா சிரிக்கவில்லை. மேலே பார்த்தார். ரீச்சர் படியில் இல்லை.

நான் முகத்தைத் துடைக்கக் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினேன். உள்ளங்கையில் ஏதோ துள்ளியது. டோர்ச்சைத் திருப்பினால், நகத்தளவு ஒரு மீன். வாலில் ஆரஞ்சுப் பொட்டு. உயிரோடு.

"அக்கா! மீன்!"

"கத்தாதேயும். உம்மட தண்ணிப் போத்தலைத் தாரும்."

போத்தலுக்குள் மீனை விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "றுவைஸ், தண்ணி சுவரால கசியும். மீன் கசியாது."

என் மனம் இலேசாகியது. மாமாவைப் பிடித்தவர்களின் மூக்குக்கு நேரே இந்தப் போத்தலை ஆட்ட வேண்டும்போல் இருந்தது.

இது கப்பி மீன். கடையில் வாங்கி வளர்க்கிற மீன் என்றாலும், திருகோணமலையில் இதை அதிகம் வைத்திருப்பது பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்தான். டெங்குக் காலத்தில் மூட முடியாத தொட்டிகளில் நுளம்புப் புழுவைத் தின்னவென்று பொலித்தீன் பையில் கொண்டுவந்து விடுவார்கள். உவர்மலைப் பக்கத்துப் பி.எச்.ஐ. பாயிஸ் என்னோடு படித்தவன். ஞாயிற்றுக்கிழமையும் டெங்கு ஒழிப்பு என்று கடற்கரை வீதியில் நின்று, தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்காததற்காக ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரை விரட்டிக்கொண்டிருந்தான். குப்பைத் தொட்டியில் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்த மானை மட்டும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

போத்தலைக் காட்டினேன். "இது ஆர்ர பிள்ளை?"

"என்ர பிள்ளைதான்," என்றான் பாயிஸ், ஒரே பார்வையில். "எங்க பிடிச்ச?"

"கனகசபை ஐயாவின்ர ஒழுங்கையில நீங்கள் எத்தினை இடத்தில மீன் விட்டனீங்கள்?" அக்கா கேட்டார்.

"ஒரே ஒரு இடம் மேடம். அவங்கட வீட்டுக்கு மேல் வீடு. ஆக்கள் பிரான்ஸில, வீடு பூட்டிக் கிடக்கு. வீடு கட்டேக்க கட்டின பெரிய சீமெந்துத் தொட்டி, மூடி இல்ல. மாரித் தண்ணி நிறைஞ்சு புழு கொதிச்சிது. ஆனியில ஐம்பது மீன் விட்டனான்."

"மத்த வீடுகள்?"

"எல்லாம் மூடின தாங்கி. மீனுக்கு வேலையில்ல."

திரும்பி உவர்மலை ஏறினோம். மேல் வீட்டு கேற்றில் பெரிய பூட்டு. நான் மதில் ஏறிக் குதித்தேன். நாற்பது வயதில் செய்யக்கூடாத வேலை, காற்சட்டை கிழிந்தது. தொட்டி பின்பக்கம், கனகசபை ஐயாவின் நிலவறைத் துவாரத்துக்கு நேர் மேலே, மலைச்சரிவில் பத்தடி உயரத்தில். உள்ளே ஓர் ஆள் நெஞ்சளவு ஆழம். முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தது. பழைய தண்ணீர்க் கோட்டிலிருந்து கீழே வரை சுவரில் பாசி இன்னும் பச்சை மாறவில்லை. மாதக்கணக்கில் வற்றியிருந்தால் அது கறுத்துச் சருகாகியிருக்கும். தொட்டி விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும் பாசி தேய்ந்திருந்தது, ஒரு ஹோஸ் குழாயின் பருமனுக்கு.

ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, மறுமுனையை வாயால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் போதும். மோட்டர் வேண்டாம், சத்தம் கிடையாது. சரிவு மீதியைப் பார்த்துக்கொள்ளும். தண்ணீரோடு ஒரு மீனும் பயணம் போயிருக்கிறது.

"பிடிபட்டுது!" மதிலின் மேலிருந்து கத்தினேன். "காணிச் சண்டை அக்கா. ஆரோ மதில் பாஞ்சு வந்து இந்த வேலையைச் செய்திருக்கிறான். மேல் வீட்டுக்காரருக்குக் கனகசபை ஐயாவோட எல்லைப் பிரச்சினை இருக்கும். இல்லாட்டி மாமாவுக்கு எதிரா ஒரு மேசன்."

"உம்மட காற்சட்டையைப் பாரும்," என்றார் அக்கா.

"கிழிஞ்சிட்டு. அதுக்கென்ன?"

"மதிலில பாசி முழுக்க உம்மட கால் அடையாளம். உமக்கு முன்னம் பாஞ்ச ஆளின்ர ஒண்டும் இல்லை. வந்த ஆள் கேற்றால வந்திருக்கு." போனை எடுத்தார். "பாயிஸ், ஒரே ஒரு கேள்வி. பூட்டின வீட்டுக்குள்ள நீங்கள் எப்பிடி மீன் விட்டனீங்கள்?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பாயிஸின் குரல் தெளிவாகக் கேட்டது. "கீழ் வீட்டு ரீச்சர்தான் வந்து திறந்து விட்டவ மேடம். பிரான்ஸ் ஆக்கள் அவவிட்டத்தான் திறப்பைக் குடுத்திட்டுப் போனவை."

சாவி ரீச்சரின் கையில்தான் இருந்திருக்கிறது. ஓட்டோவில் ஏறினோம். ஏறியதும் பேசினேன். பொலிஸுக்குப் போவோம், இப்போதே போவோம், பெற்ற தகப்பனைத் தண்ணீரில் தள்ளிவிட்டு என் மாமாவின் தலையில் கட்டிவிட்டு, வாசலில் நின்று செத்த தாயின் கதை சொல்கிறாள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத முடியாதவை.

அக்கா முடியும்வரை கேட்டார். "மாமாவை வெளியில எடுக்க மீனும் தொட்டியும் போதும். ஆனா தகப்பனைக் கொல்லப் பாத்தவள் எண்டு நான் எழுதிக் குடுக்கமாட்டன். கொல்ல நினைச்ச ஆள் கரண்ட் அடிக்கும் எண்டு பயந்து ப்ளக்கைக் கழட்டாது. தாயின்ர படத்தைத் தூக்கி அலுமாரிக்கு மேல வைக்காது. கிளினிக் இல்லை எண்டு அவவுக்குத் தெரியாது றுவைஸ். ரெண்டு மணிவரைக்கும் அந்த வீட்டில ஒருத்தரும் இல்லை எண்டு நினைச்சிருக்கிறா."

"அப்ப ஏன் அக்கா?"

"அதைத்தான் கேக்கப் போறம்."

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணிப் பார்வை நேரம். வார்டுக்கு வெளியே நீள மர வாங்கில் ரீச்சர் மடியில் சாப்பாட்டுக் கரியரோடு இருந்தார். அக்கா பக்கத்தில் அமர்ந்து, தண்ணீர்ப் போத்தலை வாங்கில் வைத்தார். உள்ளே மீன் ஒரு வட்டம் சுற்றியது.

ரீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எதிர்பார்த்த பொய் வரவில்லை.

"எப்ப வருவீங்கள் எண்டுதான் இருந்தனான்," என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்கட மாமா பிழையா வேலை செய்யேல்ல. அவர் சரியாச் செய்திட்டார். அதுதான்."

எனக்கு விளங்கவில்லை.

"ஈரமா இருந்தவரைக்கும் அப்பா மேல வருவார். பகலெல்லாம் இறைப்பார், சுண்ணாம்பு அடிப்பார், ஏசுவார். பொழுதுபட்டா இருமலோட மேல வந்து என்னோட சாப்பிடுவார், செய்தி பாப்பார், என்னோட சண்டை பிடிப்பார். அந்த ஈரம்தான் அவரை மேல ஏத்தி வைச்சிருந்தது. உங்கட மாமா முடிச்ச அண்டைக்குச் சொன்னார், இனி இதுக்குள்ள மனுசர் சீவிக்கலாம் ரீச்சர் எண்டு. அடுத்த நாள் அப்பா கட்டிலை இறக்கிட்டார். அம்மாவின்ர படத்தையும் கொண்டு இறங்கினார். நாலு மாசம். கிளினிக்குக்கு மட்டும் ஏறுவார். சாப்பாடு படியில வைக்க வேணும். ஆரோடையும் கதை இல்லை. நான் மேல தனிய இருந்து அந்தப் படியைப் பாத்துக்கொண்டே இருந்தன். உயிரோட இருக்கிற அப்பாவை நானே மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டு மேல காவல் இருக்கிற மாதிரி இருந்தது."

கரியரின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் நனைஞ்சா மேல வருவார் எண்டு நினைச்சன். ஹோஸைப் போட்டுட்டு ஸ்கூலில விடைத்தாள் திருத்தப் போனனான். பதினொண்டுக்கு வந்து ஹோஸை இழுத்து எடுத்து வைச்சிட்டு, எவ்வளவு தண்ணி எண்டு பாக்க இறங்கினனான். அப்பா கீழிருந்து மூண்டாம் படியில தலையைச் சாய்ச்சுக்கொண்டு கிடக்கிறார்." நிறுத்தினார். "அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது? தம்பி போனில கத்தினான். நான் கையெழுத்து வைச்சன்."

அவர்மேல் கோபம் இருந்தது எனக்கு. அது இன்னும் இருந்தது. ஆனால் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வார்டுக்குள் கனகசபை ஐயா கண் திறந்து கிடந்தார். காலில் கட்டு, மூக்கில் ஒட்சிசன் குழாய். பொலிஸிடம் ஒன்றும் ஞாபகமில்லை என்று சொன்னவர். மாமாவின் விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அக்கா மெதுவாகத்தான் தொடங்கினார். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"ஐயா, உங்கட அறையைப் பூசின ஸெய்னுதீன் பொலிஸ் கூட்டுக்க கிடக்கார். சுவர் கசிஞ்சதாம்."

"ஸெய்னுதீனா?" கிழவர் எழும்பப் பார்த்தார். வலியில் முகம் கோணியது. "அவன்ர சுவர் கசியுமோ?" கண் மகள்மேல் போய், உடனே திரும்பியது. "எழுதுங்கோ. நான்தான் ஹோஸ் போட்டனான். மேல் வீட்டுத் தொட்டியைக் கழுவ எண்டு, கிளினிக்குக்குப் போகமுன்னம் தண்ணியைத் திறந்து விட்டனான். வயசு போட்டுது, மறந்திட்டன்."



"என்ன ஹோஸ் ஐயா?" அக்காவின் குரல் மிகத் தணிவாக இருந்தது.

"பச்சை ஹோஸ். துவாரத்தால இறங்கி, கரி மூட்டைக்கு மேல தண்ணி விழுந்துகொண்டிருந்தது. போதுமோ?"

அக்கா சற்று நேரம் அவரைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். மூழ்காத படகுக்காரர்களைப் பார்க்கிற பார்வை. ஆனால் இந்தத் தடவை அதில் வெற்றி இல்லை.

"ஐயா, ஹோஸைப் போட்ட ஆள் வெளியில நிண்டு துவாரத்துக்குள்ள செருகியிருக்கும். தண்ணி கரி மூட்டைக்கு மேல விழுந்தது வெளியில நிண்ட ஆளுக்குத் தெரியாது. உள்ள கிடந்த ஆளுக்குத்தான் தெரியும்."

வார்டில் யாரோ இருமினார்கள். ரீச்சரின் கை வாய்க்குப் போனது.

"அப்ப நான் ஹோஸை இழுக்கேக்க..."

"பாத்தனான் பிள்ளை," என்றார் கனகசபை ஐயா. "உன்ர வளையல் சத்தமும் கேட்டது."

"நான் அங்க நிண்டனான் அப்பா. மூண்டடி தூரத்தில நிண்டனான். ஏன் கூப்பிடேல்ல?"

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கூப்பிட்டா நீ ஹோஸும் கையுமா ஓடி வருவாய். சனமும் வரும். நீ அதை எடுத்து வைச்சிட்டு வரட்டும் எண்டு கிடந்தனான்."

இடுப்பு முறிந்து, தண்ணீரில், கத்தாமல். எனக்கு என் வாப்பாவின் ஞாபகம் வந்தது. அவரும் இப்படியொரு தகப்பன்தான். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். 

"எழுதுங்கோ," என்றார் கிழவர் மறுபடியும். "நான் கையெழுத்து வைக்கிறன். ஸெய்னுதீனை விடட்டும். பிள்ளையை விட்டுடுங்கோ."

அக்கா பேனாவை எடுக்கவில்லை. ரீச்சரைப் பார்த்தார். நல்ல பொய்தான் அது. எல்லோரையும் காப்பாற்றக்கூடியது. இருபது வருடம் பொய் பிடித்தவர் அதை எடுத்துக்கொள்வாரா என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. அந்த முடிவை அவர் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"வேண்டாம் அப்பா," என்றார் ரீச்சர். கண்ணைத் துடைத்தார். "நான் போய்ச் சொல்லிட்டு வாறன். சாப்பாடு கரியருக்க இருக்கு. நேர்ஸ் மிஸ்ஸிட்டத் தீத்தி விடச் சொல்லுறன்."

வாசலுக்கு வந்தபோது கிழவர் கூப்பிட்டார். "பிள்ளை."

"என்னப்பா?"

"போகேக்க பம்பைப் போட்டுட்டுப் போ. மூண்டு நாளாத் தண்ணி நிக்குது."

உவர்மலையில் ஓட்டோவை நிறுத்தினேன். மூன்று நாளாக மேற்படியைத் தாண்டாத ரீச்சர் ஒன்பது படியும் இறங்கினார். சேலையோடு தண்ணீருக்குள் நடந்து, ஆணியிலிருந்து வயரை எடுத்து, ப்ளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டார். பம்ப் ஒருமுறை முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. நாங்கள் வெளியே வந்தபோது ஒழுங்கைக் கானில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, மாமா வெட்டிக் கொடுத்த பாதையில்.

வழியில் ரீச்சர் ஒன்றுதான் சொன்னார். மீன் போத்தல் அவர் மடியில் இருந்தது. "காஞ்ச உடனே அவர் திரும்ப இறங்கிடுவார்."

போத்தல் கவிழாமல் மெதுவாக ஓட்டினேன்.

பொலிஸில் இரண்டு மணித்தியாலம். ரீச்சர் எல்லாவற்றையும் ஒழுங்காக, திகதி நேரத்தோடு சொன்னார், ஒன்றையும் குறைக்கவில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு மாமாவின் இடத்தில் அவர் நிற்க வேண்டும் என்றார் பொறுப்பதிகாரி. பிறகு மாமாவைக் கூட்டிவந்தார்கள். மூன்று நாள் தாடி, இடுப்பில் கசங்கிய சாரம், செருப்பில்லாத கால். யார் என்ன செய்தார்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் வாய் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து நான் பக்கத்தில் போனேன்.

மாமா ரீச்சரை ஏசவில்லை. அவருடைய சேலையைப் பார்த்தார். முழங்கால்வரை நனைந்து, கரித்தூள் ஒட்டியிருந்தது.

"பம்ப் ஓடுதா மகள்?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா," என்றார் ரீச்சர். "ஓடுது."

அதன் பிறகுதான் ரீச்சர் வாய்விட்டு அழுதார்.